கார்த்திகை மழையில் ஊருக்கு வருகிறவர்களுக்கு

ஐப்பசி பிறந்ததும் செட்டிநாட்டில் இருக்கும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து. ஒருவருக்குக் கார்த்திகையில் கல்யாணம், இன்னொருவருக்கு முன்னோரைக் கும்பிடும் படைப்பு, வேறு எதுவும் இல்லையென்றாலும் பிள்ளையார் நோன்புக்காவது வந்தாக வேண்டும். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஊரில் மழை எப்படி?"

முன்பெல்லாம் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றும் இல்லை, கிளம்பி வாங்க" என்று சொல்லிவிடுவேன். 2024 டிசம்பரில் என் தங்கையிடமும் அப்படித்தான் சொன்னேன். எங்கள் பக்கம் பெரிய மழை இல்லை, உண்மைதான். ஆனால் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே நின்று கொட்டிவிட்டது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர். டிசம்பர் 2 காலையில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் அந்தப் பாதையே நின்றுபோனது, அரசூரில் திருச்சி நெடுஞ்சாலை மேலேயே வெள்ளம் ஓடியது. இரண்டு குழந்தைகளையும் மாமியாரையும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய தங்கை, விழுப்புரத்தைத் தாண்ட முடியாமல் ஒரு பெட்ரோல் பங்க்கில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். மாமியாரின் சர்க்கரை மாத்திரை டிக்கியில் அடியில் கிடந்த பெட்டிக்குள். நான் பார்த்தது என் தலைக்கு மேல் இருந்த வானத்தை, பார்த்திருக்க வேண்டியது விழுப்புரத்து வானத்தை.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் மூன்று இடத்தைப் பார்க்கச் சொல்கிறேன்: நீங்கள் கிளம்பும் ஊர், நடுவழி, செட்டிநாடு. இதில் நடுவழியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நடுவழி என்றால் செங்கல்பட்டு, விழுப்புரம், கடலூர், பெரம்பலூர், திருச்சி, புதுக்கோட்டை. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் தாமிரபரணி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தபோது, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள், சுற்றிலும் தண்ணீர். அந்த ரயிலில் ஏறும்போது யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

கிளம்புவதற்கு முன்

வானிலை மையத்தின் மாவட்ட வாரியான எச்சரிக்கையைத் தினமும் ஒரு தடவை பாருங்கள், அது போதும். மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று அவர்கள் சொல்வதற்குக் கணக்கு உண்டு: 24 மணி நேரத்தில் 6.5 சென்டிமீட்டரைத் தொட்டால் கனமழை, 11.5 சென்டிமீட்டரைத் தாண்டினால் மிக கனமழை, 20.5 வாக்கில் போனால் அதி கனமழை. நடுவழியில் ஏதாவது ஒரு மாவட்டத்துக்கு ஆரஞ்சு இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். சிவப்பு இருந்தால் கிளம்பாதீர்கள், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வரும் புயல் செய்திகளை நம்பி டிக்கெட்டை ரத்து செய்யவும் வேண்டாம், நம்பிக் கிளம்பவும் வேண்டாம்.

கல்யாணம் என்றால் நெருங்கின சொந்தக்காரர்கள் இரண்டு நாள் முன்பே வந்து சேர்ந்துவிடுவது நல்லது. முகூர்த்தத்தன்று காலையில் ரயிலில் வந்து இறங்கிக் குளித்துவிட்டுத் தாலி கட்டப் பார்க்கலாம் என்பதெல்லாம் மாசி, பங்குனிக்குச் சரி. கார்த்திகைக்குச் சரிப்படாது.

ரயில் டிக்கெட் விஷயம் ஒன்று. ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பி வரும். ஆன்லைன் டிக்கெட்டுக்குத் தானாகவே வந்துவிடும், கவுண்ட்டரில் எடுத்ததை மூன்று நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் போக விரும்பவில்லை என்றாலும் முழுப் பணம் கிடைக்கும், ஆனால் ரயில் உங்கள் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்கு முன் டிடிஆர், அதாவது பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு, போட்டிருக்க வேண்டும். ஆத்திரத்தில் டிக்கெட்டை நீங்களே ரத்து செய்துவிட்டால் பிடித்தம் போகத்தான் கிடைக்கும், பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விமானத்தில் மழை, புயலுக்கு இழப்பீடு கிடையாது, ஆனால் ரத்தானால் பணத்தைத் திருப்பித் தரவோ வேறு விமானத்தில் ஏற்றவோ வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிறவர்கள் இந்த இரண்டு மாதமும் சென்னையில் இறங்காமல் நேராகத் திருச்சியில் இறங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது, ஃபெஞ்சல் அன்றும் மூடினார்கள்.

கைப்பையில் என்ன இருக்க வேண்டும்: ஒரு வாரத்துக்கான மாத்திரை, மருந்துச் சீட்டு, தண்ணீர், குழந்தைக்குப் பால் பவுடர், பவர் பேங்க், டார்ச், சில்லறையாக ரொக்கம். டிக்கியில் இல்லை, கைப்பையில். கரண்ட் இல்லாத ஊரில் ஏடிஎம்மும் ஓடாது, கடைக்காரர் போனில் பணம் வந்த சத்தமும் கேட்காது.

வந்த கையோடு ராமேஸ்வரம் போய்விட்டு வரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். பாம்பனில் காற்று வலுத்தால் பாலத்தில் ரயில் விட மாட்டார்கள், பழைய பாலம் ஓடிய காலத்தில் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினாலே சிக்னல் விழாமல் இருந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோன கதையை எங்கள் அப்பத்தா ஒவ்வொரு மார்கழியிலும் சொல்வார்.

ஊர்ச் சாலை

செட்டிநாட்டில் பெரிய ஆறு கிடையாது, கடலும் தள்ளித்தான் இருக்கிறது, அதனால் வெள்ளம் வராது என்று ஒரு நினைப்பு. இங்கே ஆறு செய்கிற வேலையைக் கண்மாய் செய்யும். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்து அதற்கடுத்ததுக்கு. சங்கிலி மாதிரி. அதனால் மழை பெய்துகொண்டிருக்கும்போது நன்றாக இருந்த சாலை, மழை விட்டு வெயில் வந்த மறுநாள் காலையில் தண்ணீருக்கடியில் போய்விடும். வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மேலே நீல வானம், எதிரே தரைப்பாலத்தின் மேல் செம்மண் கலந்த தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும், பார்த்தால் கணுக்கால் அளவு போலத்தான் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் தேவகோட்டைப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது அப்படி ஒரு இடத்தில் நின்றேன். குறுக்கே யாரோ பனைமட்டை இரண்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் தம்பி இறங்கி மட்டையை இழுத்து ஓரமாகப் போடப் போனபோது, மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டிக் கத்தினார். "தம்பி, பாலத்துல பாதி இல்ல!" அவர் தன் கையிலிருந்த கம்பை இறக்கிக் காட்டினார், பாதி தூரத்தில் கம்பு முழுசாக உள்ளே போனது. அடியில் மண் அரித்துத் தார் உடைந்து போயிருக்கிறது, மேலே தண்ணீர் ஒரே சீராகப் போனதால் எங்களுக்குத் தெரியவில்லை. ஓடுகிற தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், ஒரு அடி வந்தால் சின்னக் காரை மிதக்க வைத்துவிடும், இரண்டு அடிக்குப் பெரிய வண்டியும் தாங்காது. சாலையில் பனைமட்டை, முள், கல், சிவப்புத் துணி எது கிடந்தாலும் அதை ஊர்க்காரர் போட்ட எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போய்ச் சுற்று வழியில் வாருங்கள், 20 கிலோமீட்டர் கூடினால் கூடட்டும்.

ரயில்வே சுரங்கப்பாதை இன்னும் மோசம். ராத்திரி நேரத்தில் ஆழம் தெரியவே தெரியாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் கார் சிக்கி ஒரு பெண் உயிரிழந்தார். தண்ணீர் கட்டிய சுரங்கப்பாதைக்குள் லாரி போகிறதே, பஸ் போகிறதே என்று பின்னாலேயே போகாதீர்கள், அவற்றின் உயரம் வேறு. இறங்கிய பிறகு வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, உடனே வெளியே வந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் போனால் கதவு திறக்காது, கண்ணாடியும் இறங்காது.

இடி மின்னலுக்கு ஒரு சின்னக் கணக்கு. மின்னல் தெரிந்ததிலிருந்து இடிச்சத்தம் கேட்கும்வரை எண்ணுங்கள், 30 எண்ணுவதற்குள் கேட்டுவிட்டால் பொட்டலில் நிற்காதீர்கள். ஒற்றைப் பனை, ஊரணிக் கரை, தகரக் கொட்டகை எதுவும் வேண்டாம், கட்டடத்துக்குள் அல்லது காருக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே. மின்னல் எங்கே விழுகிறது என்று காட்டும் தாமினி செயலியைப் போனில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

பெரிய வீடு

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து விசேஷம் நடத்துகிறவர்கள் புரட்டாசிக்குள் ஓடு மாற்றி முடித்துவிட வேண்டும். மழை தொடங்கிய பிறகு ஆளே கிடைக்காது. பகலில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டுத் தாழ்வாரத்தில் நின்று மேலே பாருங்கள், ஊசி வெளிச்சம் எங்கெல்லாம் தெரிகிறதோ அங்கெல்லாம் ஒழுகும். போன வருஷம் எங்கள் வீட்டில் ஓடு மாற்றிய பெரியவர் ஒரே வரிசையாக விலகியிருந்த ஓடுகளைக் காட்டி, "இது பூனை நடந்த தடம் ஐயா, ராத்திரி ராத்திரி போயிருக்கு" என்றார். கீழே நின்று பார்த்தால் அது ஒரு பாதை மாதிரியே தெரிந்தது. ஒவ்வொன்றையும் தூக்கி, அடியில் இருந்த சருகையும் எலிக்கூட்டையும் எடுத்துப் போட்டு, உடைந்ததுக்குப் பழைய ஓட்டையே தேடி வைத்தார், புது ஓடு பழைய வரிசையில் உட்காராது என்று.

முற்றத்தை மறந்துவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும்: முற்றத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் கூரை 200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 10 சென்டிமீட்டர் மழைக்கு 20,000 லிட்டர் அந்த ஒரு முற்றத்தில் வந்து விழும். எல்லாம் மூலையில் இருக்கும் ஒரு ஓட்டை வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். அந்தக் காலத்தில் அண்டாவை வைத்துக் கூரைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டார்கள், மிச்சம் தெருவுக்குப் போய் ஊரணிக்குப் போனது. இன்று பாதி வீடுகளில் தெருவில் சிமெண்ட் போட்டு உயர்த்தி, வெளியே போகும் வாயே தரைக்குக் கீழே போய்விட்டது. ஒரு மூங்கில் கழியை உள்ளிருந்து விட்டுப் பாருங்கள், நாலு குடம் தண்ணீரை ஒரே நேரத்தில் ஊற்றிப் பாருங்கள். நின்றால் மழைக்கு முன் சரி செய்யுங்கள்.

முற்றத்துக்கு மேல் தார்ப்பாய் கட்டுகிறவர்கள் நடுவில் உயர்த்தி இரண்டு பக்கமும் சரிவாகக் கட்டச் சொல்லுங்கள். தட்டையாகக் கட்டினால் தண்ணீர் தேங்கித் தொங்கி, பந்தி நடக்கும்போது கிழிந்து கொட்டும். வாசல் பந்தலுக்குத் தகரம் வேண்டவே வேண்டாம், காற்றில் பறக்கும் தகரம் கத்தி. ஆத்தங்குடிக் கல் பாவிய முகப்பும் பட்டாலையும் நனைந்தால் எண்ணெய் போல வழுக்கும், வயசான ஆச்சிமார் வந்து போகும் வழியில் சாக்கைப் போட்டுவிடுங்கள். விறகு அடுக்கியிருக்கும் இடத்திலும் செருப்புக்குள்ளும் பாம்பு, தேள் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள், மழையில் அவற்றுக்கும் காய்ந்த இடம் நம் வீடுதான். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்க விடாமல் நேராக அரசு மருத்துவமனைக்கு.

கரண்ட் போன பிறகு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி, தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று மேற்கே வந்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டால் புயல் செத்துவிடும் என்றுதான் நாங்களும் இருந்தோம். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னந்தோப்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்ததைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புயல் கடற்கரையோடு முடிவதில்லை. மரத்தைவிட மின்கம்பம்தான் பெரிய பாடாக இருந்தது. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை.

கரண்ட் போனால் முதலில் போவது வெளிச்சம் இல்லை, தண்ணீர். மோட்டார் ஓடாது, மாடித்தொட்டி அரை நாளில் காலி. அதனால் புயல் எச்சரிக்கை வந்த அன்றே அண்டா, குண்டா, தவலை எல்லாவற்றையும் இறக்கி நிரப்புங்கள், இந்த ஊர் வீடுகளில் பாத்திரத்துக்கா பஞ்சம்? பின்கட்டுக் கிணற்றுக்குக் கயிறும் வாளியும் உருளையும் இருக்கின்றனவா என்று அன்றைக்கே இறைத்துப் பாருங்கள். வெள்ளத் தண்ணீர் உள்ளே இறங்கிய கிணறு என்றால் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யும்வரை குடிக்க எடுக்காதீர்கள். மற்ற கிணற்றுத் தண்ணீரையும் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றித்தான் குடிக்க வேண்டும்.

அடுத்து போன். டவர்களின் பேட்டரி தீர்ந்ததும் ஊரே ஊமையாகிவிடும். பேசப் போகாதபோதும் எஸ்எம்எஸ் சில சமயம் போய்விடும், "எல்லோரும் நலம்" என்று இரண்டு வார்த்தை அனுப்பிவிட்டுப் போனை அணைத்து வையுங்கள். வண்டிக்கு முந்தின நாளே பெட்ரோல் போட்டுவிடுங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டுக்குள்ளோ மூடிய தாழ்வாரத்திலோ ஓட்டாதீர்கள், அந்தப் புகைக்கு மணம் தெரியாமலே ஆளைக் கொல்லும் குணம் உண்டு.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு: பிரிட்ஜ் இல்லாவிட்டால் பதறி ஐஸுக்குள் புதைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண். மண்பானையில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் ஒரு சின்னக் கலயத்தில் குப்பியைத் தண்ணீர் படாமல் வைத்து நிழலில் வையுங்கள். பயன்பாட்டில் இருக்கும் குப்பி பெரும்பாலும் நாலு வாரம்வரை சாதாரண அறை வெப்பத்தைத் தாங்கும், உங்களுடையது எப்படி என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று திடீரென்று நின்றால் வெளியே ஓடி வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம், கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் திரும்ப அடிக்கும். விடிந்த பிறகும் தொங்குகிற கம்பி, தண்ணீரில் கிடக்கிற கம்பி எதன் அருகிலும் போகாதீர்கள், கரண்ட் இல்லை என்று நினைத்துக் கையை வைத்தவர்கள் உண்டு. மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108, ரயில் விசாரிக்க 139. இதைப் போனில் மட்டும் வைக்காமல் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அந்தத் தாளை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே முப்பது அறை வீட்டில் ஒரே ஒரு ஆச்சி தனியாக இருப்பார், பிள்ளைகள் எல்லாம் வெளியில். கஜா முடிந்த மூன்றாம் நாள் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினோம், பதில் இல்லை. பின்தெரு வாசல் வழியாகப் போய்ப் பார்த்தால் ஆச்சி வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் உட்கார்ந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பழைய சோற்றைப் பிழிந்துகொண்டிருந்தார். "பிள்ளை போன் பண்ணுவான்னு கையிலேயே வச்சிருக்கேன்ப்பா, சத்தமே வரல" என்று போனை நீட்டினார். சார்ஜ் தீர்ந்து எத்தனையோ மணி நேரம் ஆகியிருந்தது. பிள்ளை அங்கே துபாயில் எத்தனை தடவை அடித்துப் பார்த்தானோ.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் இந்த வருஷம் ஊருக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது பக்கத்து வீட்டில் ஒருவர், அடுத்த தெருவில் ஒருவர் என்று இரண்டு பேரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் எண்ணை அவர்களிடம் கொடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் காலையும் மாலையும் போய்ப் பார்க்க முடியுமா என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள், நம் ஊரில் மாட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பின்கட்டுச் சாவி ஒன்றையும் அவர்களிடம் கொடுத்து வையுங்கள்.